செங்குத்துச் சரிவுக்கு எடை குறைந்த ஸ்னோஷூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்கேட் மலைகளுக்குக் குளிர்காலத்தில் நடக்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஸ்னோஷூ என்பது, ஆழமான பனியில் கால் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டு. ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வர எதை மாட்டினாலும் போதும். வண்டித்தடமும் வழிகாட்டிப் பலகையும் முடிந்த பிறகு மேலே ஏறப் போகிறீர்கள் என்றால், தேர்வில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

எடை அவ்வளவு முக்கியமா? அரை கிலோ கூடினால்தான் என்ன?

மவுண்ட் ரெய்னியரில் பாரடைஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து பனோரமா பாயிண்ட் வரை ஏறுவது சுமார் 430 மீட்டர். ஓர் எட்டுக்கு 20 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தாலும் 2,000 தடவைக்கு மேல் காலைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்னோஷூவும் கூடவே மேலே வரும். காலில் 1 கிலோ, முதுகில் 5 கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளிடையே பழைய கணக்கு. ராணுவ வீரர்களை நடக்கவைத்து மூச்சை அளந்த ஆய்வுகளிலும் 4 முதல் 6 மடங்கு என்றுதான் வந்தது. ஆகவே அரை கிலோ சின்ன விஷயமில்லை.

ஆனால் கடையில் அட்டையில் போட்டிருக்கும் எடை மட்டும் உங்கள் காலில் ஏறுவதில்லை. தட்டின் மேல் விழுந்து உட்காரும் பனியையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். ஈரப்பனியில் ஒரு கை அள்ளும் அளவு தங்கினாலே, 80 டாலர் கூடக் கொடுத்துக் குறைத்த எடை திரும்பி வந்துவிடும். பனியைத் தானாகக் கொட்டிவிடும் அமைப்பு இருக்கிறதா என்பதும் எடைக் கணக்கில் சேர்ந்ததுதான்.

சரி, இருப்பதிலேயே எடை குறைந்ததை வாங்கிவிடலாமா?

கூடாது. நான் செய்த தவறு அதுதான். முதல் குளிர்காலத்தில் வாடகைக்கு எடுக்கப் போன இடத்தில் இரண்டு ஜோடிகளைக் கையில் தூக்கிப் பார்த்து, இறகு மாதிரி இருந்ததை எடுத்துக்கொண்டேன். சமதளத்தில் ஆனந்தமாக இருந்தது. அப்புறம் ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தது. பெரிய சரிவுகூட இல்லை. காலை வைத்தேன், அது மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. மறு காலை வைத்தேன், அதுவும் நகர்ந்தது. நாற்பது அடி தூரத்தைக் கடக்க அரை மணி நேரம், பாதி தூரம் முழங்காலால். திரும்பி வந்து கவிழ்த்துப் பார்த்தால் முன்னால் நாலு சின்னப் பல், குதிகாலுக்கு அடியில் இரண்டு. பக்கவாட்டில் வழவழவென்று உருண்டைக் குழாய்.

அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: எடையை நீளத்தில் குறையுங்கள், பல்லில் குறைக்காதீர்கள். மிக இலகுவான மாடல்கள் பெரும்பாலும் ஓட்டத்துக்கும் சமதளத்துக்கும் செய்தவை. விஸ்கான்சினில் தயாராகும் நார்தர்ன் லைட்ஸ் ஜோடி சுமார் ஒன்றேகால் கிலோதான். உறைந்த ஏரி, மேடு பள்ளம் அதிகமில்லாத காடு, இவற்றில் அதற்கு ஈடு கிடையாது. கிரெசன்ட் மூன் கம்பெனியின் ஃபோம் ஸ்னோஷூவும் அப்படியே, செருப்பு போட்டது மாதிரி சுகம். இரண்டையும் செங்குத்துச் சரிவுக்குக் கொண்டுபோக நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் சரிவுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல் பக்கத்து நிறத்துக்கும் பூட்ஸைக் கட்டும் பட்டைக்கும்தான் விளம்பரம். உங்களைப் பிடித்து நிறுத்தப் போவது அடிப்பக்கம்.

நடுவில் முன்பாதம் உட்காரும் இடத்தில் ஓர் அச்சு இருக்கும். அது இரண்டு வகை. ஒன்றில் பட்டை ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும். காலைத் தூக்கினால் வாலும் கூடவே எழும்பும். மரக்கட்டையைத் தாண்டவும் ஓடவும் நல்லது, ஆனால் பின்னாலிருந்து கெண்டைக்காலில் பனியை வாரி அடிக்கும். இன்னொன்று கதவின் கீல் மாதிரி தாராளமாகச் சுழலும். காலைத் தூக்கினால் வால் கீழே தொங்கும், பனி வழிந்து கொட்டிவிடும். அதைவிட முக்கியம், சரிவைப் பார்த்து உதைக்கும்போது பூட்ஸ் முனை தட்டின் ஓட்டை வழியே இறங்கி, அங்குள்ள முன்பற்கள் நேராகப் பனியைக் குத்தும். ஏறுவதற்கு இந்த இரண்டாவது வகைதான். இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை. குறை ஒன்று உண்டு: பின்னால் எட்டு வைக்க முடியாது. வால் குத்தி நிற்கும், நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அடுத்தது சட்டம். பழைய பாணி, வளைத்த அலுமினியக் குழாய். உருண்டையாக இருப்பதால் சரிவின் குறுக்கே போகும்போது பிடிப்புக் குறைவு. புதிய பாணியில் குழாய்க்குப் பதில் ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்து வளைத்திருப்பார்கள், அதன் கீழ் விளிம்பு முழுக்கப் பல். அரிவாள்மணை நினைவுக்கு வருகிறதா? அதேதான். எடை விழுந்ததும் விளிம்பு பொருக்குப் பனியில் இறங்கி நிற்கும். குறுக்கே நடக்கும்போது நழுவாமல் காப்பாற்றுவது முன்பல் அல்ல, இந்தப் பக்க விளிம்புதான். ஏறும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். குறுக்கே போகும்போதுதான் விழுகிறார்கள்.

எந்த நீளம் எனக்குச் சரி?

சரிவுக்கான மாடல்கள் பெரும்பாலும் 22, 25, 30 அங்குலத்தில் வரும். கம்பெனிகள் உடல் எடையைப் பார்த்து அட்டவணை போட்டிருக்கும்: சுமார் 80 கிலோ வரை 22, 100 கிலோ வரை 25, அதற்கு மேல் 30. இந்த எடையில் உங்கள் முதுகுப் பை, தண்ணீர், குளிருக்குப் போட்ட துணி, பூட்ஸ் எல்லாம் அடக்கம். 68 கிலோ ஆள் 10 கிலோ பையோடு போனால் 78. எல்லைக் கோட்டில் நிற்கிறார். என்ன செய்வது?

நான் என்றால் சின்னதைத்தான் எடுப்பேன். காஸ்கேட் பனி பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் பெய்வது. இங்குள்ளவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘காஸ்கேட் கான்கிரீட்’. கனமான பனி, ஆகவே கால் அதிகம் புதையாது. இதே ஆள் யூட்டாவிலோ கொலராடோவிலோ மாவு மாதிரி உலர்ந்த பனியில் 22-ஐ மாட்டினால் முழங்கால் வரை இறங்கிவிடுவார். அங்கே 25 அல்லது 30 தேவைப்படும்.

சரிவில் நீளம் பாரம் மட்டுமல்ல, இடைஞ்சலும்கூட. திரும்பும் வளைவில் வால் மாட்டும், ஒரு காலை மறு காலால் மிதிப்பீர்கள். சின்னதை வாங்கி, புதுப்பனி நாளுக்கு மட்டும் பின்னால் மாட்டும் வால் துண்டு வாங்கிக்கொள்வது நல்ல ஏற்பாடு. எம்எஸ்ஆர் என்ற கம்பெனியின் மாடல்களுக்கு 5, 6 அங்குலத்தில் அந்தத் துண்டுகள் கிடைக்கின்றன. எல்லா மாடலுக்கும் எல்லாத் துண்டும் பொருந்தாது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

ஹீல் லிஃப்ட் என்று ஒரு கம்பி இருக்கிறதே, அது வேண்டுமா?

வேண்டும். குதிகாலுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் அந்தக் கம்பியை நிமிர்த்தினால், குதிகால் கீழே தொங்காமல் அதன் மேல் உட்காரும். மாடிப்படி ஏறுவது மாதிரி ஆகிவிடும். இது இல்லாமல் நீண்ட சரிவில் ஒரு மணி நேரம் ஏறிப் பாருங்கள், கெண்டைக்கால் கத்தும். கூடுதல் எடை மிகச் சிறிது. எடை குறைக்கிறேன் என்று இதைக் கழற்றிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமே திரும்ப மாட்டினார்கள். கைத்தடி முனையால் தூக்கி நிமிர்த்தப் பழகுங்கள், ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டாம். சமதளம் வந்ததும் மடக்க மறக்காதீர்கள்.

எந்த மாடல்? பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

சியாட்டலில் 1969-ல் தொடங்கிய எம்எஸ்ஆர் கம்பெனியின் லைட்னிங் அசென்ட் இங்கே அதிகம் கண்ணில் படுவது. மேலே சொன்ன அரிவாள்மணைச் சட்டம் இதில்தான். 22 அங்குல ஜோடி ஏறத்தாழ 1.8 கிலோ, 25 அங்குலம் 2 கிலோவை ஒட்டி. விலை 350 டாலருக்கு மேல். என் காலில் இருப்பதும் இதுதான், ஆகவே கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம்.

அதே கம்பெனியின் ஈவோ, ஒரே பிளாஸ்டிக் தட்டு, அடியில் நீளவாக்கில் இரும்புப் பல் வரிசை. அடிப்படை மாடல் விலை லைட்னிங் அசென்ட்டில் பாதி அளவுதான். பாறை மேல் உரசினாலும் கவலை இல்லை. நடக்கும்போது பிளாஸ்டிக் ‘டக் டக்’ என்று சத்தம் போடும், அது சிலருக்கு எரிச்சல். சுமாரான சரிவுக்கு ஈவோ தாராளமாகப் போதும். ஹீல் லிஃப்ட் உள்ள ஈவோ அசென்ட் என்றால் இன்னும் நல்லது. பிரான்சின் டி.எஸ்.எல். மாடல்கள் பாதத்தோடு வளைந்து கொடுக்கும், ஆல்ப்ஸ் பக்கம் அவற்றுக்கு மவுசு. டப்ஸ், அட்லஸ் இரண்டும் நல்ல கம்பெனிகள்தான். ஆனால் அவர்களிடமே சமதள மாடலும் உண்டு, மலை மாடலும் உண்டு. பெயரைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள்.

ஒரு பழைய கதை. மரச்சட்டத்தில் தோல் வார் பின்னிய ஸ்னோஷூக்களே புழங்கிய காலத்தில், இதே வாஷிங்டன் மாநிலத்தின் எல்லன்ஸ்பர்க் ஊர்க்காரர்கள் ஜீன் பிரேட்டர், பில் பிரேட்டர் என்ற சகோதரர்கள் காஸ்கேட் சரிவுகளுக்காகவே அலுமினியச் சட்டம், சுழலும் அச்சு, அடியில் பல் என்று மாற்றிப் பார்த்தார்கள். 1970-களில் ‘ஷெர்பா’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று நாம் கவிழ்த்துப் பார்க்கும் அத்தனையும் சரிவில் வழுக்கியவர்கள் யோசித்ததுதான்.

பட்டை எப்படி இருக்க வேண்டும்?

கடையில் வெறுங்கையால் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். தடித்த கையுறையோடு மாட்டிப் பாருங்கள். மலையில் காற்று அடிக்கும்போது, மூக்கு ஒழுகும்போது, கழற்றிய கையுறை பறந்துவிடுமோ என்று பல்லால் கடித்துக்கொண்டு ஒரு சின்னக் கொக்கியைத் தேடும் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

வலை மாதிரி பூட்ஸ் முன்பக்கம் முழுவதையும் அணைக்கும் பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும், விரல் மரத்துப்போகாது. தனித்தனி ரப்பர் வார்கள் எளிமையானவை. ஒன்று அறுந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். குமிழைத் திருகினால் கம்பி இறுகும் வகை வசதிதான், ஆனால் கம்பி அறுந்தால் மலையில் வைத்துச் சரிசெய்வது கஷ்டம். எதுவானாலும் பையில் இரண்டு நீளமான ரப்பர் வார், நாலு ஜிப் டை போட்டுக்கொள்ளுங்கள். அச்சை இணைக்கும் ஆணியும் வளையமும் கழலாமல் இருக்கின்றனவா என்று கிளம்பும் முந்தின இரவு ஒரு தடவை பார்த்துவிடுவது என் பழக்கம்.

மாட்டும்போது முன்பாதத்தின் தடித்த பகுதி அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். பூட்ஸ் ரொம்ப முன்னால் போனால் தட்டின் விளிம்பில் இடிக்கும், பின்னால் இருந்தால் முன்பல் பிடிக்காது. வாரின் மிச்ச நுனியும் கொக்கியும் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் மறு காலின் பல் அதை இழுத்துவிடும்.

பெண்களுக்கென்று தனி மாடல் தேவையா?

கட்டாயமில்லை. அகலம் சற்றுக் குறைவு, வால் பக்கம் ஒடுங்கியிருக்கும், பட்டை சின்ன பூட்ஸுக்கு இறுகும். எட்டு சின்னதாக இருப்பவர்களுக்குக் கால் அகட்டாமல் நடக்க உதவும். ஒல்லியான ஆண்களும் தாராளமாக வாங்கலாம்.

ஏறிவிடுகிறேன், இறங்கும்போது வழுக்குகிறதே?

எல்லோருக்கும் வழுக்கும். பயத்தில் பின்னால் சாய்கிறோம், எடை வாலுக்குப் போகிறது, முன்பல் பனியை விட்டு எழும்புகிறது. தட்டு சறுக்குப்பலகை ஆகிவிடுகிறது. முழங்காலை மடக்கி, உடம்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, சின்னச் சின்ன எட்டாக, பாதம் முழுக்கப் பதியும்படி இறங்குங்கள். கைத்தடியை ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். அதன் அடியில் பனிக்கான பெரிய வட்டு இருக்க வேண்டும்.

உட்கார்ந்து சறுக்கி இறங்க ஆசை வந்தால் ஸ்னோஷூவைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுத்தான். பல் ஓரிடத்தில் மாட்டினால் உடம்பு போகும், கால் நிற்கும். கணுக்கால் ஒடிய அது போதும்.

அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்ய?

வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியிருக்கும் நாட்களில், காலையில் குளிர்ந்த உலோகப் பல்லில் மதிய வெயிலின் ஈரப்பனி ஒட்டும். ஹீல்ஸ் போட்டது மாதிரி உயர்ந்துவிடுவீர்கள், பல் எதுவும் தரையைத் தொடாது. கைத்தடியால் சட்டத்தின் பக்கத்தில் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். கிளம்புமுன் உலோகத்தில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும். சமையல் எண்ணெய் ஸ்ப்ரேயும் அடிப்பார்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் அதே தத்துவம்.

எவ்வளவு செங்குத்து வரை ஸ்னோஷூ தாங்கும்?

இந்தப் பக்கத்தில் எதை விட்டாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மெத்தென்ற பனியில் நல்ல பல் உள்ள ஸ்னோஷூ 30 டிகிரி வரை ஏற்றிவிடும். பனி இறுகி, முன்பல் குத்தாமல் கீறல் மட்டும் போடுகிறது என்றால் அங்கே ஸ்னோஷூவின் வேலை முடிந்தது. கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் நீளமான கூர்ப்பற்கள்) பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். இரண்டும் கையில் இல்லாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு சங்கடம். பலகை போல உடைந்து பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் நடப்பவை. அதாவது, நல்ல ஸ்னோஷூ வாங்கினால் நீங்கள் எட்டிப்பிடிக்கும் இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. நீங்கள் அந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. அல்பென்டல் என்ற பனிச்சறுக்குத் தளத்திலிருந்து ஸ்னோ லேக் ஏரிக்குப் போகும் பாதை கோடையில் குழந்தைகளைக் கூட்டிப்போகும் பாதை. குளிர்காலத்தில் மேலேயிருந்து பனி விழும் தடங்களைக் குறுக்கே கடக்கிறது. கோடையில் பார்த்த பாதைதானே என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

குளிர்காலத்தில் இந்தப் பகுதியின் பனிச்சரிவு எச்சரிக்கை மையமான நார்த்வெஸ்ட் அவலான்ச் சென்டர் தினமும் பகுதிவாரியாக 1 முதல் 5 வரை ஆபத்து அளவு வெளியிடுகிறது. 3 நடுவில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், சாவு அதிகம் நடப்பது அந்த அளவில்தான். சரிவின் கோணத்தை அளக்க, கைத்தடியைப் பனியில் படுக்கவைத்து அதன் மேல் போனை வைத்தால் போனில் உள்ள மட்டமானியே காட்டிவிடும். மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்று பக்கமும் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன் பிறகு அது வேகமாகச் சரிகிறது. அந்த நேரத்துக்குள் வெளியாள் யாரும் வந்து சேர முடியாது. கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். 350 டாலரை ஸ்னோஷூவில் போடவா, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் போடவா என்று கேட்டால், வகுப்பு. ஸ்னோஷூ வாடகைக்கு எடுக்கலாம்.

மைக்ரோஸ்பைக் போதாதா?

மைக்ரோஸ்பைக் என்பது பூட்ஸ் மேல் இழுத்து மாட்டும், சின்னப் பற்கள் வைத்த சங்கிலி. மிதித்து இறுகிய தடத்தில் அதுவே போதும், எடையும் சொற்பம். உத்தராகண்ட் பக்கம் கேதார்கந்தா சிகரத்துக்குப் போகிறேன், ஸ்னோஷூ வாங்கவா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்; கூட்டம் மிதித்த பாதை அது. தடத்தைவிட்டு இரண்டடி தள்ளி இடுப்பு வரை புதைகிற இடத்தில்தான் ஸ்னோஷூ. நான் இரண்டையும் எடுத்துப்போவேன்.

வாங்குவதா, வாடகையா? முதலில் எங்கே போய்ப் பார்ப்பது?

முதல் இரண்டு தடவை வாடகை, வெவ்வேறு மாடல். 22 ஒரு நாள், 25 ஒரு நாள். அதன் பிறகு வாங்கினால் போதும். பழையது வாங்குவதாக இருந்தால் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, வார்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இடம் என்றால் பாரடைஸ். 1,646 மீட்டர் உயரம், 1971–72 குளிர்காலத்தில் 28.5 மீட்டர் பனி பெய்த இடம். வண்டி நிறுத்தத்துக்கு மேலேயே எல்லா விதச் சரிவும் இருக்கிறது, வேண்டிய அளவில் பழகிவிட்டுத் திரும்பலாம். பனோரமா பாயிண்ட்டுக்குக் கீழே கடைசி ஏற்றத்தில் உங்கள் முன்பல் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் 3,105 மீட்டரில் இருக்கும் கேம்ப் மியூர் கண்ணுக்குப் பக்கத்தில் தெரியும், ஆனால் மூட்டம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. வழி தெரியாமல் ஆள் தொலைந்த இடம் அது, முதல் நாளில் போக வேண்டாம்.

நவம்பர் 1 முதல் மே 1 வரை பாரடைஸ் இருக்கும் மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவுக்குள் எல்லா வண்டியிலும் டயர் சங்கிலி இருந்தாக வேண்டும், நாலு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் வண்டியானாலும் சரி. சாலை எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று முந்தின நாளே பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில், பாரடைஸ் போகும் சாலையில் கீழே இருக்கும் லாங்மயரில் வாயிலை மூடிவிடுவார்கள், ஆகவே மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பியுங்கள்.